புகையும் பொறுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் வாகனக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த பெருமக்கள் நின்று காப்பியங்களைப் பற்றியும் திருமுறைகளைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நாங்களோ மெட்ரிக் தேறியதோடு ஏட்டை மூடிவிட்டு, ரயில்வே பேரேட்டைத் திறந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்தவை கிடங்கும் இருப்புக் கணக்கும் இரும்பும் எண்ணெயுமே. ஆகையால் இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளும் எண்ணெய்ப் பிசுக்குடையதே. நம் சங்கத்து வேனின் டீசல் எஞ்சினைப் பற்றியும், அதன் கழிவுப் புகையைத் திருப்பியனுப்பும் அமைப்பைப் பற்றியும், அதைத் துப்புரவு செய்ததில் நாங்கள் பட்ட பாட்டையும் செய்த பிழையையும் பற்றியும் பேசப்போகிறோம். குழுவினர் ஐவர், நால்வர் ரயில்வே ஊழியர், ஒருவர் நம் ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியை. வாய் ஒன்றாயினும் பேச்சு ஐவருடையது. அதனால்தான் ‘நாங்கள்’ என்று பேசுகிறோம்.

அன்பர்களே, எங்களுக்குப் பின்னால் தொங்கும் திரையைச் சற்றுப் பாருங்கள். ஓரம் கிழிந்து, நிறம் மங்கிய அதே பழைய திரைதான். சென்ற ஆண்டு புதுத் திரைக்கென நீங்கள் மனமுவந்து தந்த பணத்திலிருந்து 14,000 ரூபாய் வேனுக்குள் போய்விட்டது. எவ்வாறு போயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சொல்ல எங்களுக்குக் கடமை உண்டு. இவ்வுரை அந்தக் கணக்கேயாகும்.

ஓர் இரவு

நம் வேன் 2017-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகளுக்கு உட்பட்டது. பன்னிரண்டு பேர் அமரலாம். 2021-ல் இரண்டாம் கையாக வாங்கினோம். ஞாயிறுதோறும் குழந்தைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்து வருவதும், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து வரும் முதியோரை இட்டார்சி ஸ்டேஷனிலிருந்து வீடு சேர்ப்பதும், நன்மை தீமைகளுக்குப் பந்தலுக்குச் சாமான் ஏற்றுவதும் அதன் பணி. நோயாளியைப் போபாலுக்குக் கொண்டு செல்வதும் அதுவே.

முந்தைய ஆண்டு தை மாதக் குளிரில் நம் காலனி மூதாட்டி ஒருவர்க்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல் கண்டது. உள்ளூர் வைத்தியர் போபாலுக்குக் கொண்டு செல்லுமாறு கூறினார். நர்மதையைத் தாண்டி, புத்னிக்கு அப்பால் பாதை காட்டினூடே மேடேறும் இடத்தில் வேன் தளர்ந்தது. ஓட்டுநர் மிதிக்க மிதிக்க எஞ்சின் இரைந்ததே தவிர வண்டி ஏறவில்லை. பின்னால் வந்த லாரியின் விளக்கொளியில் பார்த்தோம். நம் வேனின் புகை கன்னங்கரேலென்று சாலையை மறைத்துக்கொண்டிருந்தது. மாட்டு வண்டி போல ஊர்ந்து மேடேறினோம். மூதாட்டி பிழைத்தார், இன்று முதல் வரிசையில் அமர்ந்து எங்களைப் பார்த்துப் புன்னகை செய்கிறார். ஆயினும் மூச்சுக்குத் தவித்த ஒருவரை ஏற்றிக்கொண்டு, ஊருக்கெல்லாம் மூச்சடைக்கும் புகையைக் கக்கிக்கொண்டு சென்றோமே என்னும் எண்ணம் எங்களை விட்டு அகலவில்லை.

புகையின் நிறம்

டீசல் ஷெட்டில் வேலை செய்தவர்க்குப் புகை ஒரு மொழி. இந்நாட்டில் டீசல் எஞ்சின்களின் காலம் பெருகியது 1960-க்குப் பின்னர்தான். 2,600 குதிரைத் திறன் கொண்ட டபிள்யு.டி.எம்.2 என்னும் எஞ்சின் 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1964 முதல் வாரணாசியிலேயே செய்யப்பட்டது. இப்பொழுது அகலப் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. எனினும், அந்த ஷெட்டுகளில் மூத்த ஃபிட்டர்கள் கற்றுத் தந்த பாடம் மறையவில்லை. கரும்புகை எனின் எண்ணெய் மிகுதி, காற்றுக் குறைவு. நீலப்புகை எனின் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை எனின் எரியாத டீசலோ, உள்ளே புகுந்த நீரோ காரணம். நம் வேனின் புகை கறுப்பு. ஆகவே காற்றுக்குப் போதாமை எங்கோ உள்ளது என்பது தெளிவாயிற்று. எங்கே என்பதுதான் கேள்வி.

இதனை விளங்கிக்கொள்ள, எஞ்சினுக்குள் நடப்பது யாதெனச் சிறிது காண்போம். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு பிராணவாயு. சாதாரண வெப்பத்தில் இவ்விரண்டும் ஒரே தெருவில் வாழ்ந்தும் பேசிக்கொள்ளாத அண்டை வீட்டாரைப் போன்றவை. டீசல் எஞ்சினின் உள்ளே, சுவாலையில் வெப்பம் 1,500 பாகைக்கும் மேலேறும்போது இரண்டும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. இவை மூச்சுக் குழாயைப் புண்படுத்துவன; ஆஸ்துமாவை மிகுவிப்பன; வெயிலில் வேறு வாயுக்களோடு சேர்ந்து தரைமட்டத்து ஓசோனை உண்டாக்குவன. இவற்றின் பெருங்கேடு யாதெனில், எஞ்சின் குழாயிலிருந்து வெளிவருகையில் இவை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இந்த நஞ்சைக் குறைக்கக் கண்ட வழியே இ.ஜி.ஆர். எனப்படும் அமைப்பு. வெளியேறும் கழிவு வாயுவில் ஒரு பகுதியைப் பிடித்து, கூலர் வழியே குளிரவைத்து, உட்செல்லும் காற்றோடு கலப்பதே அதன் பணி. எரிந்து முடிந்த வாயுவில் பிராணவாயு குறைவு. கரியமிலவாயுவும் நீராவியும் மிகுதி. அவை வெப்பத்தைத் தாம் வாங்கிக்கொண்டு சுவாலையைத் தணிக்கின்றன. சுவாலை தணிந்தால் நைட்ரஜன் ஆக்சைடும் தணியும். எவ்வளவு கழிவு வாயுவை, எப்பொழுது உள்ளே விடுவது என்பதை ஒரு வால்வு முடிவு செய்கிறது. அதனைத் திறந்து மூடுவது ஒரு சிறு மின் மோட்டார்.

இவ்வளவும் நன்மையே. ஆனால் திரும்பி வரும் வாயுவோடு புகைக்கரியும் வருகிறது. எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து எழும் ஆயில் ஆவியும் அதே காற்றுப் பாதையில் சேர்கிறது. கரியும் ஆயிலும் கலந்தால் என்னாகும்? நம் வீட்டு அடுப்படியில் புகைப்போக்கியின் ஓரத்தில் படியும் பிசுக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவே வால்விலும் காற்றுக் குழாயிலும் படிந்து இறுகுகிறது. ஒரு நாள் வால்வு மூட முடியாமல் திறந்தபடியே சிக்கிக்கொள்கிறது. அப்பொழுது மேடேறும் வேளையிலும் கழிவு வாயு உள்ளே புகுந்து நல்ல காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கரும்புகை, இழுவையின்மை, நின்ற இடத்தில் எஞ்சின் உதறல் ஆகிய மூன்றும் அதன் அடையாளம். புத்னி மேட்டில் நாம் கண்டது இதுவே.

எங்கள் தவறும் இதில் உண்டு. சூடேறாத எஞ்சினில் கரி மிகுதியாகப் படியும். நம் வேனோ காலனிக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே சில நிமிட ஓட்டம் ஓடுவது. தமிழ் வகுப்பு முடியும்வரை ஜன்னலடியில் அரைமணி நேரம் எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நிற்பது. குளிர்காலத்தில் உள்ளே கதகதப்பாக இருக்கட்டும் என்று நாங்களே அதற்கு இசைவு தந்தோம். அந்தப் புகை ஜன்னல் வழியே யார் மீது சென்றது என்று அன்று எண்ணிப் பார்த்திலோம்.

தகடு என்னும் ஆசை

வேனைப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம். மெக்கானிக் மிக எளிய வழி கூறினார். வால்வுக்கு வரும் குழாயின் வாயில் ஓர் இரும்புத் தகடு வைத்து அடைத்துவிடலாம். எச்சரிக்கை விளக்கைக் கம்ப்யூட்டரால் அணைத்துவிடலாம். செலவு 300 ரூபாய். கரும்புகை நிற்கும், இழுவை திரும்பும், புகைச் சோதனையிலும் குறையின்றித் தேறும். இவ்வளவும் உண்மையே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களில் மூவர் உடனே இசைந்தோம்.

பணி ஓய்வு பெற்று நம் காலனியிலேயே தங்கிவிட்ட நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர் உண்டு. ஷெட்டில் முப்பது ஆண்டு ஃபிட்டராக இருந்தவர். நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்போம். அவர் கேட்டார்: “தம்பி, தகடு வைத்தால் கரும்புகை போகும், சரி. அந்த நைட்ரஜன் வாயு எங்கே போகும்?”

எங்களிடம் விடையில்லை. டீசல் வண்டிக்குச் செய்யும் புகைச் சோதனை, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்றுதான் அளக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத வாயுவை அந்தக் கருவி அளப்பதில்லை. ஆதலால் தகடு வைத்த வண்டி சான்றிதழ் பெறும். நஞ்சு மட்டும் முன்னினும் மிகும். சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 190-ஆம் பிரிவு, 2019 திருத்தத்தின்படி, காற்று மாசு விதியை மீறிய வண்டிக்கு முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது.

உலகப் புகழ் பெற்ற நிறுவனமும் இந்த ஆசைக்கு ஆட்பட்டதுண்டு. 2015 செப்டம்பரில் வெளிப்பட்ட வோக்ஸ்வாகன் விவகாரம் அத்தகையதே. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தி, சாலையில் நைட்ரஜன் ஆக்சைடைத் தாராளமாக வெளிவிடும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தார்கள். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது இருந்தது. பெரியவர்கள் மென்பொருளால் செய்ததை நாம் 300 ரூபாய்த் தகட்டால் செய்ய முற்பட்டோம். வேறுபாடு அவ்வளவே. தகட்டை மறுத்து, வால்வைத் துப்புரவு செய்வது என முடிவாயிற்று.

நாங்கள் செய்த பிழை

அண்ணாச்சி மகள் வீட்டு விசேஷத்துக்காக ஊருக்குப் புறப்பட்டார். “பதினைந்து நாள் பொறுங்கள், வந்து சேர்ந்து செய்வோம்” என்றார். நாங்கள் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே வால்வைக் கழற்றினோம். உள்ளே விரல் நுழையாத அளவுக்குக் கரி. கரி கரைக்கும் திரவத்தை வாங்கி வந்து வால்வைத் தலைகீழாய்ப் பிடித்துத் தாராளமாகப் பீய்ச்சினோம். திரவம் கரியைக் கரைத்தது. கூடவே மோட்டாருக்குள்ளும் இறங்கியது. போதாதென்று திருப்புளியால் நெம்பி வால்வை அசைத்தோம். உள்ளே ஏதோ ஒடிந்த ஓசை கேட்டது. வால்வு வெள்ளியாய் மின்னியது, ஆனால் இறந்துவிட்டது.

புதிய வால்வு 14,000 ரூபாய். மெக்கானிக் சிரித்தார். “அன்றே 300 ரூபாயில் முடிந்திருக்கும்” என்றார். அன்று மாலை குழு மீண்டும் கூடியது. உண்மையைச் சொல்கிறோம்: நால்வர் மனமும் தகட்டின் பக்கமே சாய்ந்திருந்தது. பணம் பொதுப் பணம். பிழை எங்கள் பிழை. வெளியே தெரியாமல் முடித்துவிடலாம் என்னும் எண்ணம் இருந்தது. அப்பொழுது ஆசிரியை அம்மையார் எழுந்தார். “என் வகுப்பில் மூன்று குழந்தைகள் குளிர்காலத்தில் இன்ஹேலரோடு வருகிறார்கள். வேன் அந்த ஜன்னலடியில்தான் நிற்கிறது. கருவிக்குத் தெரியாத வாயு, குழந்தையின் நெஞ்சுக்குத் தெரியாமல் போகுமா?” என்றார். அதற்கு மேல் அங்கே விவாதம் நடக்கவில்லை. திரைப் பணத்திலிருந்து வால்வு வாங்கினோம். அதில் பாதியை ஐவருமாகத் திருப்பிச் செலுத்திவிட்டோம். மீதியைத் தள்ளுபடி செய்வதா, தவணை விதிப்பதா என்பதைப் பொதுக்குழுவே கூறட்டும்.

செய்யத்தக்க முறை

ஊரிலிருந்து திரும்பிய அண்ணாச்சி எங்களை ஒரு வார்த்தையும் கடியாது, அடுத்த முறைக்கான பாடத்தைத் தொடங்கினார். அவ்வாறே இவ்வாண்டு வால்வை மீண்டும் கழற்றித் துப்புரவு செய்து குறையின்றிப் பூட்டினோம். சொந்த வண்டி வைத்திருப்போர்க்கு அந்த முறையைக் கூறுகிறோம்.

முதலாவது, எஞ்சின் முற்றும் ஆறியிருத்தல் வேண்டும். பாட்டரியின் எதிர்மின் கம்பியைக் கழற்றுதல் வேண்டும். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நன்று. திறந்த வெளியில், அருகே தீயின்றிச் செய்தல் வேண்டும். கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றும் கட்டாயம். டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் அறிவித்திருக்கிறது. அந்தக் கரியை ஊதித் தள்ளிச் சுவாசிப்பது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, வால்வைக் கழற்றியபின் மோட்டார் மேலாகவும் வாயுத் துளை கீழாகவும் இருக்குமாறு பிடித்தல் வேண்டும். கட்டிக் கரியை மரக் குச்சியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டலாம், இரும்பு ஆகாது. பின்பு பழைய பல் துலக்கியைத் திரவத்தில் நனைத்துத் தேய்க்கலாம். திரவத்தை வால்வின் மேல் நேராகப் பீய்ச்சலாகாது. கரி இளகச் சிறிது நேரம் கொடுத்து மீண்டும் தேய்த்தல் வேண்டும். வால்வைப் பலவந்தமாக நெம்பலாகாது. காற்றுக் குழாயின் வாயில் உள்ள கரியை எடுக்கையில் ஒரு துணுக்கும் எஞ்சினுக்குள் விழாதபடி காக்க வேண்டும்.

மூன்றாவது, காஸ்கெட். கிடங்கில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் காஸ்கெட் வழங்கிய எங்களுக்கே இது உறைக்கவில்லை. ஒருமுறை நசுங்கிய காஸ்கெட்டை மீண்டும் வைக்கக்கூடாது. பழையதை வைத்தால் வாயு கசியும். செய்த வேலை வீணாகும். போல்ட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்க வேண்டும். பின்பு சர்வீஸ் நிலையத்தில் பழைய பிழைக் குறிகளை அழித்து, வால்வின் திறப்பு அளவைக் கம்ப்யூட்டருக்கு மீண்டும் கற்பிக்கச் செய்தல் வேண்டும்.

கூலரைக் கழற்றுவதை மட்டும் தேர்ந்தவரிடம் விடுங்கள். அதனுள் எஞ்சினின் குளிர்நீர் ஓடுகிறது. வெளியே ஒழுக்கே இல்லாமல் குளிர்நீர் குறைந்துகொண்டே வந்து, வெண்புகையும் கண்டால், கூலர் உள்ளே கசிகிறதோ என ஐயுற வேண்டும்.

புதிய வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. டீசலில் இருக்கத்தக்க கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அதன்பின் வந்த டீசல் கார் உங்களில் சிலரிடம் உண்டு. அதில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. தேன்கூடு போன்ற அதன் கண்ணறைகளில் கரி சேர்ந்ததும், வண்டியே வெப்பத்தை ஏறத்தாழ 600 பாகைக்கு உயர்த்தி அதனை எரித்துவிடும். அதற்கு இருபது நிமிடம் போல நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம் தேவை. விளக்கு எரிகிறதே என்று பாதியில் எஞ்சினை நிறுத்தினால் கரி எரியாமல் அடையும். அடிக்கடி அவ்வாறு செய்தால் டீசல் எஞ்சின் ஆயிலோடு கலந்து ஆயில் நீர்த்துவிடும். கடைக்கும் ஆபீசுக்கும் மட்டுமே வண்டி எடுப்பவர்கள் வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் ஓட்டி வாருங்கள். கரி எரிந்துபோகும், ஆயிலின் சாம்பல் எரியாது. ஆகவே வண்டிக் கையேட்டில் குறித்த குறைந்த சாம்பல் ஆயிலையே ஊற்ற வேண்டும்.

சில வண்டிகளில் யூரியாக் கரைசலுக்குத் தனித் தொட்டி உண்டு. தூய நீரில் நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா கலந்த அக்கரைசல், கழிவுக் குழாயில் அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை மீண்டும் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. வயலுக்கு இடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றும் சிக்கனத்தைத் தயவு செய்து மேற்கொள்ளாதீர்கள். அதிலுள்ள அழுக்கும் உப்பும் உள்ளமைப்பைக் கெடுத்துவிடும். அக்கரைசலைத் தவறியும் டீசல் தொட்டியில் ஊற்றலாகாது.

வேண்டுகோள்

அன்பர்களே, எங்கள் கணக்கை ஒப்பித்துவிட்டோம். இனிச் சங்கத்து வேனுக்கு மூன்று விதிகள் வகுத்திருக்கிறோம். தமிழ் வகுப்பு நடக்கையில் எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கும். குளிருக்குக் கம்பளி கொண்டு வாருங்கள். மாதம் ஒருமுறையேனும் வேன் நெடுந்தொலைவு ஓடும். இவ்வாண்டு பச்மரி வனபோஜனம் அதன் பொருட்டுமாகும். புகையின் நிறம், ஆயில் அளவு, குளிர்நீர் அளவு ஆகியவற்றை எழுதும் குறிப்பேடு ஒன்று வேனில் இருக்கும். அதை யாரும் பார்க்கலாம்.

நாம் பிழைப்பு நாடி இந்த ஊருக்கு வந்தவர்கள். இந்த மண் நமக்குச் சோறும் வீடும் தந்தது. இவ்வூர்க் காற்று நம் குழந்தைகளுக்கும் அண்டை வீட்டு இந்திக் குழந்தைகளுக்கும் பொதுவானது. யாரும் அறியார் என்று அதில் நஞ்சைக் கலப்பது விருந்துண்ட வீட்டுக் கிணற்றில் குப்பை கொட்டுவதற்கு ஒப்பாகும். சென்ற மாதம் அதே மூதாட்டியை மறு பரிசோதனைக்காக அதே புத்னி மேட்டின் வழியே அழைத்துச் சென்றோம். வேன் தளராமல் ஏறியது. திரும்பிப் பார்த்தோம், சாலை தெளிவாகத் தெரிந்தது. திரை பழையதாயினும் அந்தக் காட்சி எங்களுக்குப் போதும்.